வெப் செயலியில் சேர்வர் ஐபி, பார்வையாளர் ஐபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தோட்டத்துக் கொழுந்துக் கணக்கு, நுவரெலியா விடுதிகளின் ஏப்ரல் சீசன் அறைப் பதிவு, டியூஷன் வகுப்பு வரவு என்று மலையகத்தில் பல வேலைகள் வெப் செயலிக்கு வந்துவிட்டன. அவற்றை எழுதுகிறவர்களும் பார்த்துக்கொள்கிறவர்களும் ஐபி (வலையமைப்பில் ஒரு கணினியைச் சுட்டும் எண் முகவரி) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நிரல் சொற்களையும் கட்டளைகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தட்டச்சும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். 'ஏடிடிஆர்' என்று வரும் இடத்தில் அந்த நான்கு எழுத்துகள் மட்டும்தான், முழுச் சொல் அல்ல. 203.0.113, 198.51.100 என்று தொடங்கும் முகவரிகள் உதாரணத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்குச் சொந்தக்காரர் கிடையாது.

பார்வையாளரின் ஐபியை எங்கிருந்து எடுப்பது?

மாறியின் பெயர் நிரல் மொழிக்கு மொழி வேறு. பிஎச்பியில் சேர்வர் அணிக்குள் ரிமோட்_ஏடிடிஆர், எல்லாம் பெரிய எழுத்து. ஜாங்கோவில் ரிக்வெஸ்டின் மெட்டாவுக்குள் அதே பெயர். ஃப்ளாஸ்க்கில் அதுவே சிறிய எழுத்தில். நோடில் ரிக்வெஸ்டின் சொக்கெட்டுக்குள் ரிமோட்அட்ரஸ். இங்கே மட்டும் 'அட்ரஸ்' முழுச் சொல். ஜாவா சேர்வ்லெட்டில் கெட்ரிமோட்ஏடிடிஆர் என்ற செயற்கூறு. ஏஎஸ்பி டொட் நெட் கோரில் கனெக்ஷனுக்குள் ரிமோட்ஐபிஅட்ரஸ்.

பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றுதான்: பிரவுசரும் சேர்வரும் பேசிக்கொள்ளும் இந்த டிசிபி இணைப்பின் மறுமுனையில் இருப்பது எந்த முகவரி. இணைப்பு அமைய நம் சேர்வரின் பதில் அந்த முகவரிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒப்புதலும் திரும்பி வர வேண்டும். பொய் முகவரி போட்டால் பதில் வேறெங்கோ போய்விடும், இணைப்பே அமையாது. அதனால்தான் இந்த ஒரு மதிப்பை நம்பலாம் என்கிறோம். ஆனால் அது சொல்வது மறுமுனை எது என்பதை மட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதை அல்ல. கீழே வரும் சிக்கல்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருபவை.

சேர்வரின் ஐபி எந்த மாறியில் இருக்கிறது?

பிஎச்பியில் சேர்வர்_ஏடிடிஆர். விண்டோஸின் ஐஐஎஸ் சேர்வரில் அதற்கு இணையானது லோக்கல்_ஏடிடிஆர். நோடில் சொக்கெட்டின் லோக்கல்அட்ரஸ், ஜாவாவில் கெட்லோக்கல்ஏடிடிஆர்.

இது 'சேர்வரின் ஐபி' என்பதைவிட 'இந்தக் கோரிக்கை வந்து சேர்ந்த ஐபி' என்பதே சரி. தோட்ட அலுவலகத்தில் 192.168.1.50 என்ற கணினியில் கொழுந்துக் கணக்கு ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேசைக்கு மேசை இருக்கும் கணினிகளிலிருந்து திறந்தால் இந்த மாறி 192.168.1.50 என்று காட்டும். அதே கணினியின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று திறந்தால் 127.0.0.1 அல்லது ::1. வைஃபையும் கேபிளும் இரண்டுமே போட்டிருந்தால், வந்த வழியைப் பொறுத்து வேறு வேறு முகவரி. மாறி பிழையாகச் சொல்லவில்லை. ஒரு கணினிக்குப் பல முகவரிகள் இருக்கின்றன.

கிரொன் வேலையாக, அதாவது குறித்த நேரத்தில் தானாக, வெப் கோரிக்கை எதுவும் இல்லாமல், அதே நிரல் ஓடும்போது இந்த மாறி இருக்கவே இருக்காது. இரவு அறிக்கை மட்டும் பிழை தருகிறது, பகலில் எல்லாம் சரி என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஹோஸ்ட் பெயரைக் கொடுத்து ஐபி கேட்டால் 127.0.1.1 வருகிறதே?

லினக்ஸ் வகைகளான டெபியன், உபுண்டு இரண்டும் நிறுவும்போதே ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயருக்கு நேரே 127.0.1.1 என்று எழுதிவிடுகின்றன. கெட்ஹோஸ்ட்நேம், கெட்ஹோஸ்ட்பைநேம் இரண்டையும் சேர்த்து எழுதும் அந்தப் பிரபலமான ஒற்றை வரி அதைத்தான் வாசிக்கிறது. அந்த வரியை விட்டுவிடுங்கள். லினக்ஸில் 'ஐபி' இடைவெளி 'ஏடிடிஆர்' என்ற கட்டளை எல்லா முகவரிகளையும் காட்டும். 'ஹோஸ்ட்நேம்' கட்டளையுடன் கழித்தல் குறியும் பெரிய ஐ எழுத்தும் சேர்த்தால் முகவரிகள் மட்டும் ஒரே வரியில் வரும். விண்டோஸில் ஐபிகொன்ஃபிக்.

என் கிளவுட் சேர்வரில் அந்தக் கட்டளை 10 என்று தொடங்கும் முகவரியை மட்டும் காட்டுகிறது. பொது முகவரி எங்கே?

அந்தக் கணினிக்கே அது தெரியாது. அமேசான் போன்ற இடங்களில் பொது முகவரி வெளியே உள்ள வலையமைப்பில் மாற்றப்பட்டு, உள்ளே தனியார் முகவரியாக (உள் வலையமைப்பில் மட்டும் செல்லுபடியாவது) வந்து சேர்கிறது. தெரிந்துகொள்ள மூன்று வழி உண்டு. நிர்வாகப் பலகையில் பார்க்கலாம். சேர்வருக்குள்ளிருந்து 169.254.169.254 என்ற மெட்டாடேட்டா முகவரியைக் கேட்கலாம். அமேசானின் புதிய முறையில் முதலில் ஒரு டோக்கன் வாங்கி, அதைத் தலைப்பில் (ஹெடர், கோரிக்கையோடு போகும் குறிப்பு) வைத்துத்தான் கேட்க வேண்டும். அல்லது 'என் ஐபி என்ன' என்று திருப்பிச் சொல்லும் வெளித்தளம் ஒன்றை கேர்ல் கட்டளையால் அழைக்கலாம்.

மூன்றாவது வழி வெளியே போகும் முகவரியைச் சொல்லும். உள்ளே வருவதற்கு வேறு முகவரி வைத்திருக்கும் அமைப்புகளும் உண்டு. வங்கிக் கட்டண வாசலோ குறுஞ்செய்தி நிறுவனமோ 'உங்கள் சேர்வர் ஐபியைத் தாருங்கள், அனுமதிப் பட்டியலில் சேர்க்கிறோம்' என்று கேட்டால் அவர்களுக்கு வேண்டியது வெளியே போகும் முகவரி. டொமைனை பிங் பண்ணிக் கிடைத்ததை அனுப்பி வைத்துவிட்டு, ஏன் இன்னும் மறுக்கிறார்கள் என்று நாள்கணக்கில் காத்திருப்பது வழக்கமாக நடக்கும் ஒன்று.

டொமைனை பிங் பண்ணி வருவது சேர்வரின் ஐபி இல்லையா?

டிஎன்எஸ், அதாவது பெயருக்கு உரிய ஐபியைத் தேடித் தரும் சேவை, சொல்லும் முகவரி அது. பார்வையாளருக்கும் சேர்வருக்கும் நடுவே கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை (இவற்றை சிடிஎன் என்பார்கள்) இருந்தால், வருவது அவர்களின் முகவரி. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் இருந்தாலும் பிங் ஒன்றைத்தான் காட்டும். என்எஸ்லுக்அப் அல்லது டிக் கட்டளை எல்லாவற்றையும் காட்டும். பிங்குக்குப் பதில் வராவிட்டால் சேர்வர் விழுந்துவிட்டது என்றும் முடிவு கட்ட வேண்டாம். பல ஃபயர்வோல்கள் பிங்கை மட்டும் தடுத்து வெப்பைத் திறந்து வைக்கின்றன.

டொட் இலங்கை என்று தமிழில் முடியும் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டிஎன்எஸ்ஸுக்குள் தமிழ் எழுத்துப் போவதில்லை. பெயர் எக்ஸ்என் என்ற இரண்டு எழுத்தும் இரண்டு கழித்தல் குறியும் கொண்டு தொடங்கும் புனிகோட் வடிவுக்கு மாற்றப்பட்டே தேடப்படும். சேர்வருக்கு வரும் ஹோஸ்ட் தலைப்பிலும் அந்த வடிவம்தான் இருக்கும். தமிழ்ப் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிரல் அதனால் ஒருநாளும் பொருந்தாது.

எல்லாப் பார்வையாளர்களுக்கும் 127.0.0.1 என்றே பதிவாகிறது. ஏன்?

முன்னால் ஒரு ப்ரொக்ஸி, அதாவது நடுவே நின்று கோரிக்கையைக் கைமாற்றும் நிரல், நிற்கிறது. இணையத்திலிருந்து வரும் இணைப்பை என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் வாங்கி, அதே கணினியில் ஓடும் உங்கள் நோட் அல்லது பைத்தன் செயலிக்குப் புதிதாக இன்னொரு இணைப்புப் போடுகிறது. செயலியைப் பொறுத்தவரை மறுமுனை என்ஜின்எக்ஸ்தான். அது சொல்வது உண்மை. நாம்தான் வேறு கேள்வி கேட்கிறோம்.

எந்த முகவரி திரும்பத் திரும்ப வருகிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம். 127.0.0.1 அல்லது ::1 என்றால் அதே கணினியில் ப்ரொக்ஸி. 172.17.0.1 என்றால் பெரும்பாலும் டொக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்); அதன் இயல்பான பிரிட்ஜின் வாசல் முகவரி அது. 10 என்று தொடங்கும் இரண்டு மூன்று முகவரிகள் மாறி மாறி வந்தால் கிளவுட்டின் லோட் பேலன்சர் (கோரிக்கைகளைப் பல சேர்வர்களுக்குப் பங்கிடுவது). 192.168.1.1 என்றால் அலுவலக ரவுட்டர்: உள்ளே இருப்பவர்கள் பொது முகவரியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும்போது சில ரவுட்டர்கள் தங்கள் முகவரியைப் போட்டு அனுப்பும். பொது முகவரிகளே வருகின்றன, ஆனால் ஆயிரம் பேருக்கும் ஒரு சிறு தொகுதிதான் என்றால் சிடிஎன்.

பிஎச்பியை எஃப்பிஎம் (பிஎச்பி நிரலை ஓட்டும் சேவை) வழியாக என்ஜின்எக்ஸோடு இணைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது. அங்கே ஃபாஸ்ட்சிஜிஐ நெறிமுறை மூலம் என்ஜின்எக்ஸ் தான் கண்ட முகவரியையே ரிமோட்_ஏடிடிஆர் ஆகக் கொடுத்துவிடுகிறது. 'பிஎச்பியில் சரியாக வந்தது, நோடுக்கு மாற்றியதும் கெட்டுவிட்டது' என்பதற்குக் காரணம் இதுதான். நோடைக் குறை சொல்வதற்கில்லை.

அப்படியானால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பை வாசித்தால் போதுமா?

வாசிக்கலாம், யார் எழுதியது என்று தெரிந்தால். ஒவ்வொரு ப்ரொக்ஸியும் தனக்கு இணைப்புப் போட்டவரின் முகவரியை இந்தத் தலைப்பின் வலப்பக்கக் கடைசியில் கமா போட்டுச் சேர்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்பும். ஆனால் தலைப்பு என்பது வெறும் எழுத்து. பார்வையாளரே புறப்படும்போது அதில் எதையாவது எழுதி அனுப்பலாம், தடை இல்லை. கடித உறையின் மூலையில் அனுப்புநர் எழுதும் முகவரியும் தபால் கந்தோர் குத்தும் முத்திரையும் ஒன்றாகுமா?

பட்டியலின் இடப்பக்க முதல் முகவரியை எடுக்கச் சொல்லும் வழிகாட்டிகள் இணையத்தில் நிறைய. அது பிழை. ஒரு கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். பார்வையாளரின் உண்மை முகவரி 203.0.113.45. அவர் தலைப்பில் 8.8.8.8 என்று தானாக எழுதி அனுப்புகிறார். சிடிஎன் அதன் பின்னால் 203.0.113.45 சேர்க்கிறது. உங்கள் என்ஜின்எக்ஸ், தனக்கு இணைப்புப் போட்ட சிடிஎன்னின் 198.51.100.7 என்பதைச் சேர்க்கிறது. செயலிக்குக் கிடைப்பது:

8.8.8.8, 203.0.113.45, 198.51.100.7

ரிமோட்_ஏடிடிஆர் 127.0.0.1. இப்போது வலமிருந்து இடமாக வாருங்கள். 127.0.0.1 நம்முடையது, தாண்டலாம். 198.51.100.7 சிடிஎன் வெளியிட்டிருக்கும் முகவரித் தொகுதிக்குள் இருக்கிறது, தாண்டலாம். 203.0.113.45 நமக்குத் தெரியாத முகவரி. அங்கே நின்றுவிட வேண்டும். அவர்தான் பார்வையாளர். அதற்கு இடப்பக்கம் இருப்பது எதுவும் நம் கணக்கில் இல்லை. இடமிருந்து எடுத்திருந்தால் கூகுளின் டிஎன்எஸ் சேர்வர் உங்கள் விடுதியில் அறை பதிந்ததாக லொக் (சேர்வரின் பதிவேடு) சொல்லும்.

இன்னும் மோசமானது, பல வருடமாகப் பிரதி எடுக்கப்பட்டு வரும் ஒரு பிஎச்பி செயற்கூறு. முதலில் எச்டிடிபி_கிளையன்ட்_ஐபி இருக்கிறதா என்று பார்க்கும், இல்லாவிட்டால் ஃபார்வர்டட்-ஃபார், அதுவும் இல்லாவிட்டால் மட்டும் ரிமோட்_ஏடிடிஆர். நம்பக்கூடியதைக் கடைசியில் வைத்து, எவரும் எழுதக்கூடியதை முதலில் வைக்கிறது. எச்டிடிபி_ என்று தொடங்கும் எந்த மதிப்பும் கோரிக்கையோடு வந்த தலைப்பு, பார்வையாளரே எழுதியிருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். உங்கள் நிரலில் இந்தச் செயற்கூறு இருந்தால் இன்றே தூக்கிவிடுங்கள்.

என்ஜின்எக்ஸில் என்ன எழுத வேண்டும்?

இரண்டு வேறு வேலைகள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

செயலிக்குச் சொல்வது ஒன்று. ப்ரொக்ஸி_பாஸ் இருக்கும் தொகுதியில் ப்ரொக்ஸி_செட்_ஹெடர் என்ற கட்டளையால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபாருக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். உங்கள் என்ஜின்எக்ஸே இணையத்தின் முதல் வாசல் என்றால் டாலர் ரிமோட்_ஏடிடிஆர் கொடுங்கள்; பார்வையாளர் எழுதி அனுப்பிய பொய் அதோடு அழிந்துவிடும். முன்னால் சிடிஎன் இருந்தால் மட்டும் டாலர் ப்ரொக்ஸி_ஏடிடி_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார். இது வந்ததன் பின்னால் சேர்க்கும்.

முன்னால் இருப்பவரிடமிருந்து கேட்டுக்கொள்வது மற்றது. அதற்கு ரியல்ஐபி மொடியூல். செட்_ரியல்_ஐபி_ஃப்ரொம் என்பதில் நம்பகமான ப்ரொக்ஸிகளின் தொகுதிகளை ஒன்றுக்கு ஒரு வரியாக எழுதுங்கள். ரியல்_ஐபி_ஹெடரில் எந்தத் தலைப்பு என்று சொல்லுங்கள். ரியல்_ஐபி_ரிகர்சிவ் 'ஒன்' (எண் அல்ல, 'ஒஃப்' என்பதற்கு எதிர்ச்சொல்) என்று வையுங்கள். இல்லாவிட்டால் வலப்பக்கக் கடைசி முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு நின்றுவிடும். மாற்றிய பின் என்ஜின்எக்ஸ் கட்டளையைக் கழித்தல் டி சேர்த்து ஓட்டி எழுத்துப் பிழை பார்த்து, பிறகு ரீலோட் பண்ணுங்கள். செட்_ரியல்_ஐபி_ஃப்ரொம்மில் 0.0.0.0/0 (எல்லா முகவரியும்) என்று எழுதி 'வேலை செய்கிறது' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வேலை செய்யும்தான், பொய் சொல்பவருக்கும்.

அப்பாச்சியில் இதே வேலைக்கு மொட்_ரிமோட்ஐபி. அங்கே ஒரு சிறு பொறி: லொக் வடிவத்தில் சதவீதக் குறியுடன் எச் இருந்தால் பழைய ப்ரொக்ஸி முகவரியே பதிவாகும். அதைச் சதவீதம் ஏ ஆக மாற்ற வேண்டும்.

செயலிப் பக்கத்தில்?

நோடின் எக்ஸ்பிரஸில் 'டிரஸ்ட் ப்ரொக்ஸி' அமைப்பு. மேலே சொன்ன உதாரணத்தில் நடுவே இரண்டு ப்ரொக்ஸிகள், எனவே மதிப்பு 2. அப்போது ரிக்வெஸ்டின் ஐபி 203.0.113.45 என்று சரியாக வரும். ட்ரூ என்று வைத்தால் இடப்பக்க முதல் முகவரி, அதாவது 8.8.8.8 வரும். ஃப்ளாஸ்க்கில் வெர்க்சாய்க் தரும் ப்ரொக்ஸிஃபிக்ஸ், அதன் எக்ஸ்_ஃபாருக்கு அதே 2. லாராவெலில் டிரஸ்ட்ப்ரொக்சீஸ் மிடில்வெயார்; அதில் நட்சத்திரக் குறி போடுவதைத் தவிருங்கள். ஏஎஸ்பி டொட் நெட் கோரில் ஃபார்வர்டட்ஹெடர்ஸ் மிடில்வெயார், மற்றவற்றுக்கு முன்னால் வர வேண்டும்.

எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் பொய்யை நம்புவீர்கள், குறைத்துச் சொன்னால் ப்ரொக்ஸியையே பார்வையாளராக எடுப்பீர்கள். சிடிஎன்னை எடுத்துவிட்ட அன்றே எண்ணையும் 1 ஆக்க வேண்டும்.

கிளவுட்ஃப்ளேர் பயன்படுத்துகிறோம். இதைவிட இலகுவான வழி?

சிஎஃப்-கனெக்டிங்-ஐபி என்ற தலைப்பில் ஒரே ஒரு முகவரி வரும், பட்டியல் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் உண்மைச் சேர்வரின் முகவரியை யாராவது கண்டுபிடித்து நேராக வந்தால் அந்தத் தலைப்பையும் அவரே எழுதலாம். எனவே ஃபயர்வோலில் வெப்புக்கான வாசல் எண்களான 80, 443 போர்ட்களைக் கிளவுட்ஃப்ளேர் வெளியிடும் முகவரித் தொகுதிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள். அந்தப் பட்டியல் எப்போதாவது மாறும். மாதம் ஒருமுறை தானாக எடுத்துப் புதுப்பிக்கும் சிறு ஸ்கிரிப்ட் போதும்.

சரியாகிவிட்டதா என்று எப்படிச் சோதிப்பது?

கேர்ல் கட்டளையில் கழித்தல் பெரிய எச் போட்டு, எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் தலைப்பில் 8.8.8.8 என்று எழுதி வெளியிலிருந்து உங்கள் தளத்தை அழையுங்கள். லொக்கில் 8.8.8.8 விழுந்தால் இன்னும் கெட்டிருக்கிறது. பிறகு அலுவலக இணைப்பிலிருந்து ஒருமுறை, கைபேசி டேட்டாவில் ஒருமுறை. இரண்டுக்கும் ஒரே முகவரி வந்தால் ப்ரொக்ஸியைத்தான் இன்னும் பார்க்கிறீர்கள். அலுவலகக் கணினியிலிருந்து மட்டும் சோதித்துவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். உள்ளிருந்து போகும் வழி வேறு.

தோட்டத்தில் பன்னிரண்டு பேர் பயன்படுத்துகிறார்கள், ஒரே ஐபிதான் வருகிறது. ஆட்களைப் பிரித்தறிய முடியாதா?

ஐபியை வைத்து முடியாது. லயத்துக்கு வீட்டிலக்கம் இல்லாமல் எல்லாருடைய கடிதமும் தோட்டத்தின் பெயருக்கு வந்து, கந்தோரில் பிரித்துக் கொடுத்த கதை மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ரவுட்டர் செய்யும் நாட் (முகவரி மாற்றம்) என்பதும் அதே ஏற்பாடு. வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரு முகவரி, உள்ளே 192.168 என்று தொடங்கும் பன்னிரண்டு முகவரிகள் உங்கள் சேர்வர் வரை வருவதே இல்லை. யார் பதிந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். கொழுந்து மடுவத்து டேப்லெட்டுக்கும் தனிக் கணக்கு.

கைபேசி டேட்டாவில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கிறது. நிறுவனமே பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி வழங்கும் ஏப்நிக்கிடம் தாராளமாகக் கொடுக்க ஐபிவி4 (நான்கு எண் கொண்ட பழைய வகை முகவரி) கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. பிறகு கிடைத்தது சிறு பங்கீடுதான். அடுத்த வருடமே, 2012இல், இந்த வேலைக்கென்று 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒதுக்கினார்கள்.

நீங்கள் அதற்குப் பின்னால் இருக்கிறீர்களா என்று பார்ப்பது சுலபம். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1, பல 4ஜி ரவுட்டர்களில் 192.168.8.1) வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'என் ஐபி என்ன' தளம் சொல்வதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் பொது முகவரி உங்களுடையது. வேறு வேறு என்றால், அதிலும் வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், சிஜிநாட்.

தனியார் முகவரிகளில் ஒரு வழுக்கல்: 172 என்று தொடங்குவதெல்லாம் தனியார் அல்ல. 172.16 முதல் 172.31 வரைதான்.

அப்படியானால் அலுவலகக் கணினியையே சேர்வராக வைத்து வெளியிலிருந்து திறக்க முடியாதா?

பொது முகவரி உங்களுடையது என்றால் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுத் திறக்கலாம். மின்வெட்டு, இடி மின்னல் என்று ரவுட்டர் அணைந்து எழும்போதெல்லாம் முகவரி மாறக்கூடும் என்பதால் டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியைப் பெயரோடு தானாக இணைப்பது) தேவைப்படும், அல்லது கட்டணம் கட்டி நிலையான ஐபி கேட்க வேண்டும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் ரவுட்டரில் எதைத் திறந்தும் பயனில்லை. கதவு உங்கள் வீட்டில் இல்லை. அங்கே வழி, உள்ளிருந்து வெளியே இணைப்புப் போட்டு வைத்திருக்கும் டனல்: கிளவுட்ஃப்ளேர் டனல், அல்லது வாடகைச் சேர்வர் ஒன்றுக்கு வயர்கார்ட் மென்பொருளால் போடும் இணைப்பு. டனல் போட்டதும் பார்வையாளர் எல்லாரும் பெரும்பாலும் மறுபடியும் 127.0.0.1 அல்லது டனலின் உள் முகவரி ஆகிவிடுவார்கள். மேலே ப்ரொக்ஸிக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடிக்கும் ஐபியைத் தடுக்கலாமா?

ஐபியை மட்டும் வைத்துத் தடுத்தால் ஒரு கணக்கப்பிள்ளை ஐந்து தரம் பிழைவிட்டதற்கு முழு டிவிஷனும் வெளியே நிற்கும். சாதாரண தரப் பெறுபேறு வரும் நாளில் ஹட்டனில் ஒரு கம்யூனிகேஷன் கடையிலிருந்தோ பாடசாலைக் கணினி அறையிலிருந்தோ நூறு சுட்டெண்கள் ஒரே ஐபியில் பார்க்கப்படும். அது தாக்குதல் அல்ல.

கணக்கு வாரியாக இறுக்கமான எல்லையும் (15 நிமிடத்துக்கு 5 பிழை என்பது போல) ஐபி வாரியாகப் பல மடங்கு தளர்ந்த எல்லையும் வையுங்கள். எல்லை தாண்டியதும் முழுத் தடைக்குப் பதில் சில விநாடி தாமதம் அல்லது கேப்ச்சா. ஐபிவி6 (புதிய, நீண்ட வகை) முகவரி என்றால் தனி முகவரியைத் தடுப்பதில் அர்த்தமில்லை. ஒரு வீட்டுக்கே குறைந்தது ஒரு /64 தொகுதி (முதல் 64 பிட் பொதுவாக உள்ள முகவரிகள்) கிடைக்கிறது, கைபேசியும் கணினியும் தனியுரிமைக்காகப் பிற்பகுதியை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. முதல் 64 பிட்டை மட்டும் எடுத்து எண்ணுங்கள்.

லொக்-இன் செய்த ஐபி மாறினால் வெளியேற்றுவது பாதுகாப்பு அல்லவா?

வேண்டாம். மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவரின் கைபேசி வைஃபையிலிருந்து டேட்டாவுக்கும், ஒரு சிம்மிலிருந்து மற்றதற்கும் மாறும். பாதிப் படிவம் நிரப்பியிருக்கும்போது வெளியேற்றப்படுவார். குக்கியை செக்யூர், எச்டிடிபிஒன்லி என்று வைத்தாலே போதிய பலன் கிடைக்கும்.

::எஃப்எஃப்எஃப்எஃப்:203.0.113.45 என்று வருகிறது. இது என்ன?

ஐபிவி4 பார்வையாளர்தான். ஐபிவி6 சொக்கெட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் சேர்வர் இரண்டு வகையையும் வாங்கும்போது இப்படி உறை போட்டுக் காட்டும். நோடில் அடிக்கடி பார்ப்பீர்கள். சேமிக்கும் முன் முன்னொட்டை நீக்கி ஒரே வடிவமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பேராக எண்ணப்படுவார், அனுமதிப் பட்டியலும் பொருந்தாது.

தரவுத்தளத்தில் எந்த வகையில் வைப்பது?

எழுத்தாக என்றால் 45 எழுத்து. பழைய அட்டவணைகளில் இருக்கும் 15, ஐபிவி4க்கு மட்டும் போதும். ஐபிவி6 முகவரி பாதியில் வெட்டுப்படும், அல்லது பதிவே பிழையாகி நிற்கும். மைஎஸ்க்யூஎலில் 16 பைட் வார்பைனரியும் ஐநெட்6_ஏடன் செயற்கூறும் நல்ல சேர்க்கை. போஸ்ட்கிரெஸில் ஐநெட் என்ற வகையே இருக்கிறது. தொகுதிக்குள் இருக்கிறதா என்று தேடவும் முடியும்.

ஜாவாஸ்கிரிப்டாலேயே ஐபியை எடுக்கலாமா?

பிரவுசர் தன் பொது முகவரியை அறியாது. வெளிச் சேவை ஒன்றைக் கேட்டுத்தான் சொல்லும். அதைப் பயனர் மாற்றியும் அனுப்பலாம். வெப்ஆர்டிசி மூலம் உள் முகவரியை எடுக்கும் பழைய வித்தையும் இப்போது பலிக்காது, பிரவுசர்கள் அதற்குப் பதில் டொட் லோக்கல் என்று முடியும் தற்காலிகப் பெயரைத் தருகின்றன. சேர்வரில் எடுங்கள்.

பதுளையிலிருந்து பார்த்தவரைக் கொழும்பு என்று காட்டுகிறதே?

ஐபி இட அட்டவணைகள் முகவரித் தொகுதி எங்கே பதிவானது, எங்கே இணையத்தோடு சேர்கிறது என்பதிலிருந்து ஊகிக்கின்றன. நாட்டளவில் பெரும்பாலும் சரி. ஊரளவில் நம்பக்கூடாது, பண்டாரவளையும் மஸ்கெலியாவும் கொழும்பாகிவிடும். விநியோகக் கட்டணத்தையோ மொழியையோ இதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். கொழும்பு ஐபி என்பதால் சிங்களப் பக்கம் தானாகத் திறப்பதைவிட, முதல் பக்கத்தில் மூன்று மொழிப் பொத்தான் வைப்பது மேல்.

ஐபியோடு வேறு எதைப் பதிய வேண்டும், எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்?

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவரை ஐபி மட்டும் வைத்து நிறுவனமே அடையாளம் காண முடியாது. எனவே பார்வையாளர் பக்கத்துப் போர்ட் இலக்கத்தையும் (என்ஜின்எக்ஸில் டாலர் ரிமோட்_போர்ட், பிஎச்பியில் ரிமோட்_போர்ட்) விநாடி வரை சரியான நேரத்தையும் சேர்த்துப் பதியுங்கள். சிடிஎன் முன்னால் இருந்தால் இந்த மாறியில் வருவது சிடிஎன்னின் போர்ட். அதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் பதிந்து, காட்டும்போது மட்டும் ஏசியா/கொழும்பு வலயத்துக்கு, அதாவது 5.30 மணி கூட்டி, மாற்றுங்கள். சேர்வரின் கடிகாரம் என்டிபி என்ற இணைய நேரச் சேவையோடு சேர்ந்து ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து நிமிடம் பிந்திய கடிகாரத்தின் லொக், முறைப்பாட்டோடு போகும்போது வேறொருவரைச் சுட்டிக்காட்டும்.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரை அடையாளம் காண உதவும் இணைய அடையாளங்காட்டிகளையும் தனிப்பட்ட தரவாகவே கருதுகிறது. எனவே ஐபி லொக்கையும் அந்தக் கண்ணோடு பாருங்கள்: எதற்காக எடுக்கிறோம் என்று தனியுரிமைப் பக்கத்தில் ஒரு வரி, பார்க்கும் அனுமதி இரண்டொருவருக்கு மட்டும், தேவை முடிந்ததும் அழிப்பு. சிறு செயலிக்கு 30 முதல் 90 நாள் போதும். பழைய லொக்கை அகற்றும் லொக்ரொட்டேட் நிரலில் எண்ணைக் கொடுத்துவிட்டால் அதுவே அழித்துக்கொள்ளும். பார்வையாளர் எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் ஐபிவி4இன் கடைசிப் பகுதியைப் பூச்சியமாக்கிப் பதிந்தாலும் கணக்குப் பெரிதாகக் கெடாது. பேக்கப் எடுத்து பென்டிரைவில் போட்ட லொக் பிரதிகள்தான் வழக்கமாக மறந்துபோகும். அவையும் இதே கணக்கில் சேரும்.